வீடு யார் பெயரில்?





வகுப்பறையில் நாம் ஜேன் ஒஸ்ரினைக் கல்யாணக் கதையாகப் படித்தோம். உண்மையில் அது வீட்டுக் கதை. 1813இல் வந்த அவருடைய நாவலில் பெனற் குடும்பத்துக்கு ஐந்து பெண்பிள்ளைகள். தகப்பன் கண்மூடினால் வீடும் காணியும் கொலின்ஸ் என்ற ஆண் உறவினருக்குப் போய்விடும். தாயின் கல்யாண அவசரத்தைப் பார்த்து நாம் சிரித்தோம். அதற்குள் இருந்த பயத்தைக் கவனிக்கவில்லை.

1847இல் சார்லொட் புரொன்ரி படைத்த ஜேன் எயரும் பிறர் தயவிலேயே வளர்ந்து, பிறர் வீட்டில் பிள்ளைக்குப் படிப்பித்தவள். தகப்பனின் சகோதரருடைய இருபதாயிரம் பவுண் கிடைத்ததும் அதை நான்காகப் பிரித்து, தன் பங்கோடுதான் றொச்செஸ்டரிடம் திரும்புகிறாள். ஆனால், மணமான பெண் தன் சொத்தைத் தானே முழுமையாக ஆள இங்கிலாந்தில் 1882ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

வாவிக்கரைப் பெண்களான நமக்கு இது விசித்திரமாகப் படும். இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். மூத்தவளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, அடுத்தவளுக்காகப் பெற்றோர் இன்னொரு வீடு கட்டுகிறார்கள். குடியும் தாய்வழியே வருகிறது.

அதனால் அதிகாரமும் நம்மிடம் இருக்கிறதா? தாய் தந்த குடியின் பெயரால் கோயிலில் வண்ணக்கராக நிற்பவர் ஆண். வீடு பெண்ணுடையது, ஆனால் அது கல்யாணத்தோடுதான் கைக்கு வருகிறது. கல்யாணம் செய்யாதவளின் இடம் எது என்ற கேள்வி ஒஸ்ரின் காலத்தில் மட்டுமல்ல, நம் வளவுகளிலும் உண்டு.

2004 சுனாமி நம் கரையோர வீடுகளை அள்ளிக்கொண்டு போனது. புதிய வீடுகள் வந்தபோது, ‘குடும்பத் தலைவர்’ என்ற இடத்தில் பல குடும்பங்களில் கணவனின் பெயரே எழுதப்பட்டது. தாயிடமிருந்து மகளுக்கு வந்த வீடு, ஒரு படிவத்தில் கைமாறிவிட்டது. சண்டை சச்சரவில்லை, பலர் அதைக் கவனிக்கவுமில்லை.

சகோதரிகளே, கொழும்பிலோ லண்டனிலோ ரொறன்ரோவிலோ எங்கிருந்தாலும், இன்று வீட்டுக்குப் போனதும் அலுமாரியைத் திறந்து காணி உறுதியை எடுத்துப் படியுங்கள். அதில் யார் பெயர் இருக்கிறதென்று மகளுக்கும் காட்டுங்கள். இந்தப் பாடசாலை நமக்கு எழுத்தைத் தந்தது அதற்காகவும்தான்.