மலையில் எரிந்த தீக்கு யார் பொறுப்பு?

 



மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு, உள்ளிருந்தவர்களோடு எரிந்துபோனது. செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள் நெருப்பு நமக்குப் பகை என்பதை உணர்த்தி, உறங்குமுன் அதனை அணைத்துவிடும்படி கட்டளையிட்டார்கள். விதி முடிந்தது என்று கூறி அவர்கள் வாளாவிருக்கவில்லை.

2018 மார்ச் 11ஆம் நாளை எண்ணிப் பாருங்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் தேனி மாவட்டம் குரங்கணிக்கு மலையேறச் சென்றவர்கள், கொழுக்குமலையிலிருந்து இறங்கும் வழியில் காட்டுத்தீயில் சிக்கினர். அவர்களில் பலர் இளம்பெண்கள். 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிலர் பல நாட்கள் மருத்துவமனையில் துடித்துப் பின் இறந்தனர். மீட்புக்கு விமானப்படை ஹெலிகாப்டர்கள் பறந்தன. விமானப்படைத் தளத்தை ஒட்டி வாழும் நமக்கு அவற்றின் ஓசை பழகியதுதான். ஆனால் காய்ந்த புல்லில் தீ மேல்நோக்கிப் பாயும் வேகத்திற்கு எந்த ஹெலிகாப்டரும் ஈடாகாது.

அனுமதி பெற்றார்களா, யார் அழைத்துச் சென்றார் என்ற கேள்விகள் எழுந்தன. அரசு விசாரணை அதிகாரியை நியமித்தது. வனச்சரகர் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். பிறகு நாமும் மறந்துவிட்டோம்!

பருவநிலை மாற்றமே குரங்கணித் தீயை மூட்டியது என்று நான் கூறவில்லை. அப்படிக் கூறுவது நேர்மையாகாது. பொறியை இடுவது பெரும்பாலும் மனிதக் கைதான். ஆயினும் புவி வெப்பம் கூடக்கூட மண்ணிலும் சருகிலும் உள்ள ஈரம் விரைந்து வற்றுகிறது. அடுப்புப் பொறி அளவே இருந்த தீ காட்டையே விழுங்குகிறது. ஆஸ்திரேலியா 2019-20இல் எரிந்தது. கனடா 2023இல் எரிந்தது. செல்வம் கொழிக்கும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வீடுகள் 2025 ஜனவரியில் சாம்பலாயின. பதிவுகளில் மிக வெப்பமான ஆண்டு 2024.

2015இல் பாரிஸில் கூடி உலக நாடுகள் வெப்பத்தைக் கட்டுப்படுத்த உடன்பட்டன. அதன் பின்னரும் நிலக்கரியும் எண்ணெயும் எரிவது குறையவில்லை. ஒப்பந்தத்தில் இடும் கையெழுத்தும் வாக்குறுதிதானே! வாக்குறுதி குறித்து மறுமையில் விசாரணை உண்டு என்பதைத் திருக்குர்ஆன் வழி நாம் அறிவோம். யூப்ரடீஸ் நதிக்கரையில் ஓர் ஆடு கேட்பாரற்று இறந்தாலும் அதற்குத் தாம் கேள்வி கேட்கப்படுவோம் என்று அஞ்சியவர் கலீஃபா உமர் (ரலி) அவர்கள். இன்றோ மனிதர் கருகினாலும் கீழ்நிலை ஊழியர் ஒருவரோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

வாக்குக் கேட்டு வருவோரிடம் சாலையும் கால்வாயும் கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். கோடைக்கு முன் காடுகளில் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டப்பட்டனவா, தீக்காவலர் போதிய அளவில் உள்ளனரா என்று யாரேனும் கேட்டதுண்டா? (காலிமனையில் குப்பைக்குத் தீயிட்டுவிட்டுத் தொழுகைக்கு விரைகிறவர்களும் நம்மில் உண்டு. அவர்கள் இன்றோடு அதை நிறுத்தட்டும்.)

இக்கேள்விகளை நம் சட்டமன்ற உறுப்பினருக்கு மஹல்லாவின் சார்பில் மனுவாக எழுதியுள்ளோம். கையொப்பமிட விரும்புவோர் தொழுகை முடிந்ததும் வாசலருகே சற்று நில்லுங்கள்.