கொரக்களிக்கு ஒத்தடமா, மாத்திரையா?

இன்னைக்கு கொரக்களி பத்திப் பேசலாம். நல்லா தூங்கிட்டு இருக்கும்போது திடீர்னு கெண்டைக்கால் சதை கல்லு மாதிரி இறுகி, உயிர் போற மாதிரி வலிக்குமே, அதுதான்.

இதுக்கு நம்ம வீடுகள்ல ரெண்டு வைத்தியம் ரொம்பப் பழக்கம். நொச்சி இலையை வதக்கி, துணியில கட்டி ஒத்தடம் கொடுப்பாங்க. இல்லன்னா, நல்லெண்ணெயில ஓமமும் பூண்டும் போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டில் தேய்ப்பாங்க. இதெல்லாம் இதமா இருக்கும், உண்மை. அந்த இதத்துல சூட்டுக்கும் தேய்க்கிற கைக்கும் நல்ல பங்கு உண்டு. ஆனா பிடிச்ச அந்த நிமிஷத்துக்கு வழி இன்னும் எளிது. காலை நீட்டி, பாதத்தை உங்க பக்கமா இழுத்துப் பிடிங்க. சதை நீள நீள இறுக்கம் விடும்.

சரி, உள்ளுக்குச் சாப்பிடுற மூலிகை? கொரக்களிக்கு உலக அளவுல பேர் வாங்கினது ஒரு மரப்பட்டை. சிங்கோனா. தென் அமெரிக்க மரம். மலேரியாவுக்கு மருந்து வேணும்னு 1860களில் ஆங்கிலேயர்கள் அதை நீலகிரியில், தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தாங்க. அந்தப் பட்டையிலிருந்து 1820ல் பிரிச்செடுத்த குயினைன்தான் பின்னாடி கொரக்களி மாத்திரையாவும் ஆச்சு. பிடிப்பை ஓரளவு குறைக்கவும் செஞ்சது. ஆனா சிலருக்கு ரத்தத்துல பிளேட்லெட் ஆபத்தான அளவுக்குக் குறைஞ்சது. சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாச்சு. உயிரிழப்புகளும் நடந்தன. கொரக்களிக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம்னு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006ல் எச்சரிச்சது.

"மூலிகைதானே, பக்கவிளைவே கிடையாது"ன்னு யாராவது ஒரு சூரணத்தை நீட்டினா, இந்தப் பட்டையை நினைச்சுக்கோங்க. குணமாக்குற வீரியம் இருக்கிற பொருளுக்குக் கெடுக்கிற வீரியமும் இருக்கலாம். வெளியே போடுற ஒத்தடம் வேற, உள்ளே போற மருந்து வேற.

கடைசியா ஒண்ணு. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடா, சிவந்து, வலி விடாம இருந்தா எண்ணெய் போட்டுத் தேய்க்காதீங்க. அது கொரக்களியா இல்லாம, ரத்தக் குழாய்க்குள்ள உறைஞ்ச ரத்தக்கட்டியா இருக்கலாம். அது நகர்ந்து நுரையீரலை அடைச்சா உயிருக்கே ஆபத்து. அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. கொலஸ்ட்ரால் மாத்திரையோ, நீர் பிரியுற மாத்திரையோ ஆரம்பிச்ச பிறகு கொரக்களி அடிக்கடி வந்தா, நீங்களா நிறுத்தாம அதையும் அவர்கிட்ட சொல்லுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.