குப்பை பொறுக்கும் பந்தயம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்தின் ஆண்டு விழாவிலே கோலப் போட்டி உண்டு. குறள் ஒப்புவித்தல் உண்டு. மாறுவேடப் போட்டியும் உண்டு. இவற்றிற்கெல்லாம் நாம் பரிசளித்து மகிழ்கின்றோம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டதும் ஒரு போட்டியைப் பற்றியதே. ஆனால் சற்றே வேறானது. குப்பை பொறுக்குவதில் பந்தயம்! கேட்டவுடன் சிலர் நகைக்கக்கூடும். சிலர் முகம் சுளிக்கவும் கூடும். ஆயினும் இது வெறுங்கற்பனையன்று.

ஜப்பான் நாட்டார் 2008-ஆம் ஆண்டில் இதனை ஒரு முறையான விளையாட்டாகவே வகுத்துவிட்டனர். ‘ஸ்போகோமி’ என்பது அதன் பெயர். அவர்கள் மொழியில் ‘கோமி’ என்றால் குப்பை. குறித்த எல்லைக்குள், குறித்த நேரத்தில், ஒவ்வொரு குழுவும் குப்பையைத் திரட்ட வேண்டும். பின்னர் அதை வகை பிரித்து, நிறுத்து, மதிப்பெண் இடுவார்கள். ஓடக் கூடாது, தொட்டியில் கிடப்பதை எடுக்கவும் கூடாது. எடையில் அற்பமான சிகரெட்டுத் துண்டுக்கு மதிப்பெண் மிகுதி. 2023 நவம்பரில் டோக்கியோ நகரில் இதற்கு உலகக் கோப்பைப் போட்டியே நடந்தது. 21 நாட்டுக் குழுக்கள் கலந்துகொண்டன. 57 கிலோவுக்கு மேல் திரட்டிப் பிரிட்டன் வென்றது. சுவீடன் நாட்டிலோ 2016 முதல், மெல்லோட்டம் ஓடிக்கொண்டே குப்பை எடுக்கும் ‘ப்ளோகிங்’ என்னும் பழக்கம் பரவியது.

இவ்விரு நாடுகளின் தூதரகங்களும் எங்கே இருக்கின்றன? நம் சாணக்யபுரியிலேதான்! அந்தச் சாணக்கியர் பெயரால் வழங்கும் அர்த்தசாஸ்திரமோ, தெருவில் குப்பை கொட்டுவோருக்கு எட்டில் ஒரு பணமும், சேற்று நீரைத் தேக்குவோருக்குக் கால் பணமும், இராஜ வீதியானால் இரு மடங்கும் தண்டம் விதிக்கின்றது. ஆகவே, தெருத் தூய்மை நமக்குப் புதிய பாடமன்று. மறந்துபோன பழைய பாடம்.

இந்தப் பந்தயத்தை நம் குடும்பங்கள் சில ஒரு ஞாயிறு காலையில் நேரு பூங்காவை அடுத்த சாலையோரத்தில் ஆடிப் பார்த்தோம். பிள்ளைகளை மூவர் மூவராகப் பிரித்தோம். ஒவ்வொரு குழுவுடனும் பெரியவர் ஒருவர் சென்றார். கையுறையும் பையும் கொடுத்தோம். அரை மணி நேரம் தேடியும் பைகள் கால்வாசிகூட நிரம்பவில்லை. கிடைத்தவை சில நொறுக்குத்தீனி உறைகள், தேநீர்க் கோப்பைகள், உறிஞ்சு குழல்கள், வேர்க்கடலைத் தோல் ஆகியவையே. ஒரு சிறுவன் மிக்க வருத்தத்துடன், “இங்கே குப்பையே இல்லை, சரோஜினி நகர்ச் சந்தைப் பக்கம் போயிருந்தால் ஜெயித்திருப்போம்!” என்றான்.

நாம் சிரித்தோம். ஆனால் அச்சொல்லைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். நிறுத்துப் பரிசு கொடுத்தால், குப்பை மிகுந்த இடமே பிள்ளைக்குச் செல்வமாகத் தோன்றிவிடுகிறது. மேலும், அங்கே குப்பை ஏன் இல்லை? சற்றுத் தொலைவில் நீண்ட துடைப்பத்துடன் ஒரு அம்மையார் உதிர்ந்த சருகைக் கூட்டிக்கொண்டிருந்தார். பொழுது புலருமுன்பே அவரும் அவருடன் பணிபுரிவோரும் அச்சாலையை முடித்துவிட்டிருந்தனர். நாம் விசில் ஊதுவதற்கு முன்பே பந்தயத்தில் வென்றவர்கள் அவர்கள்! இதை எடுத்துச் சொன்னபோது அப்பிள்ளைகள் முதன்முறையாக அந்த அம்மையாரை நிமிர்ந்து பார்த்தார்கள். நாள்தோறும் பள்ளிப் பேருந்திலிருந்து கண்டவரைத்தான் அன்று பார்த்தார்கள்.

அன்பர்களே! நமக்கு அரை மணி நேர விளையாட்டாக இருப்பது அவர்களுக்கு வாழ்நாள் உழைப்பு. பிறப்பைக் காட்டிச் சிலர் தலையில் மட்டுமே இந்நாடு நெடுங்காலம் சுமத்திய உழைப்பு. நம் பிள்ளைகள் பயிலும் தமிழ்ப் பள்ளிகளுள் ஒன்று மந்திர் மார்க்கில் இருக்கின்றது. அதே சாலையிலுள்ள வால்மீகி குடியிருப்பில்தான் 1946-47-இல் காந்தியடிகள் துப்புரவுப் பணியாளரிடையே தங்கினார். 2014 அக்டோபர் 2 அன்று தூய்மை இந்தியா இயக்கத்தின் தொடக்க நாளில் பிரதமர் துடைப்பம் ஏந்திக் கூட்டியதும் அங்கேயே. குனிந்து எடுப்பது இழிவன்று என்பதைச் சொற்பொழிவால் நாம் கற்பிக்க முடியாது. குனிந்து எடுத்தே கற்பிக்க முடியும்.

எடுத்ததும் வேலை முடிந்ததா? காஜிபூர்க் குப்பை மேட்டை நாம் அறிவோம். 1984-இல் தொடங்கி 2002-லேயே நிரம்பிவிட்ட அவ்விடத்தில் பின்னரும் கொட்டியதால், 2017 செப்டம்பர் 1 அன்று மேடு சரிந்து இருவர் உயிரிழந்தனர். நம் பையில் விழுவது மறைந்துபோவதில்லை. வேறொருவர் வாசலுக்குப் போய்ச் சேர்கிறது.

ஆதலின் வரும் குளிர்காலத்தில் நம் சங்கம் இப்பந்தயத்தை முறையாக நடத்த வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். அதற்குச் சில விதிகளையும் முன்மொழிகிறோம்.

முதலாவது, பிள்ளைகளை மட்டும் அனுப்பிவிட்டுப் பெரியோர் நிழலில் அமரலாகாது. கண்ணாடிச் சில்லும் ஊசியும் பெரியோர் எடுக்க வேண்டியவை. இரண்டாவது, ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை, அபாயக் குப்பை எனப் பிரித்துத் தராத குழுவிற்கு மதிப்பெண் இல்லை. மூன்றாவது, பரிசு இரண்டு முறை நிறுத்தபின்பே வழங்கப்பட வேண்டும். ஒவ்வொரு குழுவும் தான் குடியிருக்கும் தெருவையே எடுத்துக்கொள்ளட்டும். ஒரு மாதம் கழித்து அதே தெருவில் மீண்டும் திரட்டட்டும். எந்தத் தெருவில் குப்பையின் எடை மிகக் குறைந்துள்ளதோ அத்தெருவினருக்கே முதற்பரிசு. அப்போது பிள்ளைகள் அண்டை வீட்டாரிடம் போய்ப் பேசுவார்கள். அப்பாவின் கையிலுள்ள காகிதக் கோப்பை எங்கே போகிறதென்று கண்காணிப்பார்கள். அதுவல்லவோ பந்தயம்!

நான்காவதாக, நம் தெருக்களைக் கூட்டுவோரையே நடுவர்களாக அழைத்து, மேடையில் முதல் வரிசையில் அமர்த்த வேண்டும். இத்துறையில் அவர்களினும் தேர்ந்தவர் நம்மிடையே யாரும் இல்லை.

பிழைப்பின் பொருட்டு வந்த ஊர் இது என்று நாம் சொல்வதுண்டு. ஆனால் நம் மக்களுக்கு இதுவே பிறந்த ஊர். பிறந்த ஊரின் தெரு அவர்களுக்குச் சொந்தம் என்பதை அவர்கள் உணர, நம்மாலான ஒரு காலைப் பொழுதை நல்குவோமாக!