ஜார்ஜ் ஸ்கைலரை எப்படி வாசிப்பது?

 

நினைவுச் சொற்பொழிவில் போற்றத்தக்க ஒருவரைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். நான் முழுதாகப் போற்ற முடியாத ஒருவரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஜார்ஜ் ஸ்கைலர், 1895இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் பிறந்த கறுப்பின எழுத்தாளர், பத்திரிகையாளர். லாங்ஸ்டன் ஹியூஸை வாசிக்கிற நாம் இவரை அநேகமாக வாசித்ததில்லை.

பதின்ம வயதில் ராணுவத்தில் சேர்ந்தார், அதிகாரியாகவும் ஆனார். சீருடையில் இருந்த அவருடைய ஷூவுக்குப் பாலிஷ் போட, கிரேக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு தொழிலாளி மறுத்துவிட்டார். ஸ்கைலர் முகாமுக்குத் திரும்பவில்லை. அதற்காகச் சிறைக்குப் போனார். நாட்டுக்காகத் துப்பாக்கி பிடிக்கலாம், செருப்பை மட்டும் இன்னொருவன் தொடமாட்டான். இது நமக்குப் புதிய கதையா என்ன?

1920களில் ஏ. பிலிப் ராண்டால்ஃபின் சோஷலிச ஏடான 'மெசஞ்ச'ரில் எள்ளல் பத்தி எழுதினார். 1924இல் 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பின வார இதழில் எழுதத் தொடங்கி, நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் அங்கே நீடித்தார். 1930இல் எல்லா பேக்கரோடு சேர்ந்து கறுப்பின இளைஞர்களுக்கான கூட்டுறவு இயக்கம் ஒன்றையும் கட்டினார். 1926இல் 'நேஷன்' இதழில், கறுப்பினக் கலை என்று தனியாக ஒன்று கிடையாது என்று கேலியாக எழுதினார். அடுத்த வாரமே அதே இதழில் ஹியூஸ் மறுப்பு எழுதினார். தலித் இலக்கியம் தனியா என்று நாம் போட்ட சண்டைகள் உங்களுக்கு நினைவு வரலாம். அந்த விவாதத்தில் நான் ஹியூஸ் பக்கம்.

ஆனால் 1931இல் வந்த 'பிளாக் நோ மோர்' நாவலை அப்படித் தள்ளிவிட முடியாது. ஒரு கறுப்பின மருத்துவர் கறுப்புத் தோலை வெள்ளையாக்கும் சிகிச்சையைக் கண்டுபிடிக்கிறார். கட்டணம் ஐம்பது டாலர், மூன்றே நாள். ஊரே வரிசையில் நிற்கிறது. முடியை நீட்டும் அழகு நிலையங்கள் படுத்துவிடுகின்றன. கறுப்பின அமைப்புகளின் தலைவர்களுக்கு வேலை போய்விடுகிறது. டு போய்ஸையே அதில் ஒரு கோமாளிப் பாத்திரமாக ஆக்கியிருக்கிறார். 1946இல் நம் அம்பேத்கர் கடிதம் எழுதிய அதே டு போய்ஸ்! படிக்கையில் எரிச்சல் வருகிறது, சிரிப்பும் வந்துவிடுகிறது.

நாயகன் மேக்ஸ் வெள்ளையனாகி, வெள்ளை வெறி அமைப்பொன்றில் சேர்ந்து அதன் மூளையாகிவிடுகிறான். தெற்கே ஓர் ஆலையில் வேலைநிறுத்தம். அதை உடைக்க அவனுக்கு அடியாட்கள் தேவைப்படவில்லை. போராட்டத் தலைவனுக்குக் கறுப்பு ரத்தம் என்ற வதந்தி போதும். வெள்ளைத் தொழிலாளர்கள் கூலியை மறந்து ரத்தத்தை ஆராய உட்கார்ந்துவிடுகிறார்கள். தொழிற்சங்கத்தில் இருக்கும் தோழர்கள் இந்தப் பகுதியையாவது மொழிபெயர்த்துப் படியுங்கள். இறுதியில், சிகிச்சை பெற்றவர்கள் அசல் வெள்ளையரைவிடக் கூடுதல் வெளுப்பு என்று தெரிகிறது. உடனே மிகை வெளுப்பு இழிவாகிறது. எல்லோரும் வெயிலில் கிடந்து கறுக்கத் தொடங்குகிறார்கள். நிறம் தீர்ந்தாலும், அதை வைத்துப் பிழைப்பவர்கள் படிநிலையைத் தீரவிடுவதில்லை.

இதை எழுதியவர் எங்கே போய்ச் சேர்ந்தார்? இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்களில் அடைத்ததை எதிர்த்து எழுதியவர், பின்பு கம்யூனிச எதிர்ப்பில் மூழ்கினார். 1964இல் மார்ட்டின் லூதர் கிங்குக்கு நோபல் பரிசு தரப்பட்டதை எதிர்த்து எழுதினார். 'கூரியர்' அதை அச்சிட மறுத்தது, வேறொரு வலதுசாரி நாளிதழ் வாங்கிப் போட்டது. பிறகு ஜான் பிர்ச் சொசைட்டியோடு நெருக்கமானார். விலைபோய்விட்டார் என்று சொல்லிவிடலாம், எனக்கு அது போதவில்லை. இனம் பொய் என்பதை அவர் இளமையிலேயே கண்டார். அதிலிருந்து, இனத்தின் பெயரால் திரள்வதும் பொய் என்ற முடிவுக்கு வந்தார். பொய்யான ஒன்று மனிதரை மெய்யாகவே அடிக்கும்போது, அடிபட்டவர்கள் அந்தப் பெயரில்தானே திரள முடியும்? ஆலைக் காட்சியை எழுதிய கைக்கு இது தெரிந்திருந்தது.

அந்த நாவல் வெளியான அதே 1931இல் அவருக்கு ஒரு மகள் பிறந்தார். தாய் டெக்சாஸைச் சேர்ந்த வெள்ளைப் பெண். அந்தக் குழந்தை, பிலிப்பா, சிறுவயதிலேயே நாடறிந்த பியானோ கலைஞரானார். 1960களில், நிறத்தின் பெயரால் கதவுகள் அடைபட்டபோது, ஃபெலிபா மொன்டெரோ என்ற ஐபீரியப் பெயரைச் சூடி ஐரோப்பிய மேடைகளில் வாசித்துப் பார்த்தார். 1967இல் வியட்நாமில், செய்தியாளராகப் போன இடத்தில், ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். தந்தை அதற்குப் பிறகும் பத்தாண்டுகள் எழுதிக்கொண்டிருந்தார்.