இரண்டாவது பிரதி



நம் ஊர்ப் புத்தக வெளியீட்டு விழா உங்களுக்குத் தெரியும். விளக்கேற்றல், வாழ்த்துரை, நயவுரை, பிறகு ஒரு வர்த்தகப் பிரமுகர் மேடையேறி, கடித உறையை நீட்டி முதற்பிரதியைப் பெறுவார். கொழும்பில் புரவலர் ஹாசிம் உமர் இதை ஓர் இலக்கியப் பணியாகவே செய்தவர். கண்டியில் நானும் சில உறைகள் நீட்டியிருக்கிறேன். மறுநாள் மிச்சப் பிரதிகள் எழுத்தாளரின் கட்டிலுக்கடியில் போய்விடும்.

இரண்டாவது பிரதியை யார் வாங்குவது? தொழில் தொடங்க முதலீடு கேட்டு என்னிடம் வரும் இளைஞர்கள் இந்தக் கேள்வியோடு வந்தால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொல்வேன்.

இதே கண்டி மாவட்டத்தில், கல்ஹின்னையிலிருந்து எஸ். எம். ஹனிபா என்ற இளைஞர் தமிழ் மன்றம் வழியாக 1953இல் சு. வித்தியானந்தனின் ‘இலக்கியத் தென்றல்’ நூலை வெளியிட்டார். பிறகும் பல பத்தாண்டுகள் விடவில்லை. அப்படியொருவர் இன்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு காசு போடுவேன். இல்லை, கணக்கைப் பார்த்துவிட்டுத்தான்!

அதே கேள்விக்கு வேறொரு விடை கண்டவர், அமெரிக்காவில் ஜாக் கான்டே என்றொரு இசைக்கலைஞர். ‘பெடல்ஸ்’ என்ற ஒரு பாட்டுக் காணொளிக்காக விண்கலத்தின் உட்புறம் போலவே அரங்கு கட்டினார். சேமிப்பு கரைந்தது, விளம்பரக் காசோ சொற்பம். 2013இல் பழைய அறைத்தோழர் சாம் யாமுடன் பேட்ரியான் என்ற இணையத்தளத்தைத் தொடங்கினார். பெயருக்குள்ளேயே புரவலர் இருக்கிறார். ஆனால் உறை நீட்டும் ஒருவர் அல்ல, மாதாமாதம் ஓரிரு டொலர் தரும் ஆயிரம் பேர். அடுத்த ஆண்டே இன்டெக்ஸ் வென்ச்சர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் முன்னின்று 15 மில்லியன் டொலர் முதலீடு வந்தது.

அந்த முதலீட்டாளர்கள் கண்டது எதுவோ, நான் பார்த்திருக்கக்கூடியது இது: தொடக்கத்தில் பேட்ரியான் எடுத்த பங்கு 5 வீதம். கலைஞருக்கு நூறு ரூபா வராவிட்டால் நிறுவனத்துக்கு ஐந்து ரூபா இல்லை. கலைஞர் பட்டினி கிடக்கும்போதும் நடத்துபவர் கொழுக்கும் தளங்களுக்கு நான் முதல் போடுவதில்லை. சம்பளம் வராத வலியைத் தானே பட்டவர் இந்த வித்தியாசத்தைச் சொல்லாமலே புரிந்துகொள்வார்.

இங்கே சிக்கல் வேறு. வெளிநாட்டு ரசிகர் அனுப்பும் காசைப் பேபாலில் பெற இலங்கையருக்கு நீண்டகாலம் வழியிருக்கவில்லை. ஹட்டனில் பாடுகிற பிள்ளைக்கு டொரொண்டோவிலிருந்து இரண்டு டொலர் வந்து சேரும் பாதையை, இன்று பட்டம் பெறும் உங்களில் ஒருவர் போடலாம்.

போட்டால் என்னிடம் வாருங்கள். வரும்போது கணக்குக் கொப்பியையும் கொண்டுவாருங்கள்.