குடகின் மழையும் நீடாமங்கலத்து நீரும்



நீடாமங்கலத்தில் ஆனி மாதம் வெயில் மாதம். வயல் வெடித்துக் கிடக்கும். வெண்ணாற்று மணலில் ஆடுகள் மேயும். அதே நாட்களில் குடகு நாட்டு மடிக்கேரியில் வெயிலைக் கண்டு வாரங்கள் ஆகியிருக்கும். ஏறத்தாழ 1,150 மீட்டர் உயரத்தில் அமைந்த அம்மலை நகரத்தில் பெய்வது வந்து போகும் மழை அன்று. குடியேறித் தங்கும் மழை. மேகம் வானத்தில் இராது, தெருவில் இருக்கும். துவைத்த துணி அடுப்பின் வெப்பத்தில்தான் உலரும்.

அரபிக் கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, மேலேறி, குளிர்ந்து பொழிகிறது. மடிக்கேரியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. தலைக்காவிரியின் அடிவாரமான பாகமண்டலத்தில் அதனினும் மிகுதி. கிழக்கே முப்பது கிலோமீட்டர் அளவில் உள்ள குசால்நகரிலோ பாதிகூட இல்லை. மலையைக் கடந்த காற்று வெறுங்கையோடு தமிழகத்துச் சமவெளிக்கு இறங்குகிறது. அம்மியைப் பறக்கச் செய்வதாகப் பழமொழி கூறும் ஆடிக்காற்று இதுவே. காற்று இங்கு வீசுகிறது. அதன் மழை அங்கேயே நின்றுவிடுகிறது. பின்னர் ஆறாகி வருகிறது.

இலக்கணம் பயின்றோர் ஈண்டு ஒன்றைக் கருத வேண்டும். உரையாசிரியர்கள் ஆவணி, புரட்டாசியைக் கார் என்றும், ஆனி, ஆடியை முதுவேனில் என்றும் வகுத்தனர். காவிரியை நிரப்பும் மழை பொழியும் மாதங்கள் தமிழ்ப் பெரும்பொழுதில் வேனிற்காலம்! இது பிழையன்று, சமவெளியில் நின்று வானத்தைப் பார்த்தவர்கள் வகுத்த வகை அது. ஆனால் கடியலூர் உருத்திரங்கண்ணனார் மலையையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார். மழை பொய்த்தாலும் காவிரி பொய்க்காது என்னும் கருத்தோடு பட்டினப்பாலை தொடங்குகிறது. அதனை உயர்வு நவிற்சி என்று வகுப்பறையில் கூறிக் கடந்துவிடுவது எளிது. இரண்டு மழைகள் உண்டு, ஊர் மழை தவறினும் மலை மழை ஆற்றை நிரப்பும் என்று கண்டவரின் கூற்றாகக் கொள்வதே பொருத்தம். ஊரில் ஒரு துளி விழாத நாளில் ஆற்றில் புதுப்புனல் நுரைத்து வருவதைக் கண்ட எவரும் அவ்வாறுதான் சொல்லியிருப்பர்.

ஆடிப் பதினெட்டுக்குக் குடகிலும் ஒரு பெயர் உண்டு என்பது பலர் அறியாதது. கொடவர் இம்மாதத்தைக் கக்கடம் என்பர். அதன் பதினெட்டாம் நாளில், மருந்துத் தழை எனப் பொருள்படும் ‘மத்துத் தொப்பு’ என்னும் செடியின் சாற்றில் கருநீலப் பாயசம் சமைப்பர். அன்று அத்தழையில் பதினெட்டு வகை மருந்துகள் கூடியிருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. மழையின் கடுமையான நாட்களில் உடலுக்குச் சூடு வேண்டுமே! இங்கோ அந்நாளில் படித்துறையில் காதோலை கருகமணி வைத்து, சித்திரான்னம் படைத்து, மஞ்சள் நூல் கட்டிக்கொள்கின்றனர். அங்கே மழையைத் தாங்குவதற்கு ஒரு நாள். இங்கே அம்மழை வந்து சேர்ந்ததைக் கொண்டாட அதே நாள். ஐப்பசியில் தலைக்காவிரியின் தீர்த்தமும் மயிலாடுதுறையின் துலா முழுக்கும் இவ்வாறே இணைவன.

அம்மழை நீடாமங்கலத்தை அடையும் வழி நெடியது. கிருஷ்ணராஜசாகரம், 1934 முதல் மேட்டூர், பின்னர் கல்லணை. அங்குப் பிரியும் வெண்ணாறு, நீடாமங்கலத்தருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மீண்டும் பிரிகிறது. மன்னார்குடிப் பக்கத்து வயல்களுக்கும் அதற்கப்பாலுள்ள கடைமடைக்கும் எவ்வளவு செல்லும் என்பது இத்தலைப்பின் கதவுகளில் தீர்மானமாகிறது. இரு மாநிலங்களுக்கிடையே எவ்வளவு என்பதை விரித்தால் நீதிமன்றத்தினுள் நுழைய நேரும். அதற்கு இவ்வரங்கு போதாது.

மலையின் மழையும் இப்போது பழைய ஒழுங்கில் இல்லை. 2018 ஆகஸ்டில் குடகில் மலைச்சரிவுகள் வீடுகளையும் காப்பித் தோட்டங்களையும் புதைத்தன. உயிர்கள் பல மாய்ந்தன. அதே மாதம் 22ஆம் நாள் இரவு, அவ்வெள்ளத்தைத் தாங்கிய முக்கொம்புக் கொள்ளிட அணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. கொள்ளிடம் கரைபுரண்டு கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தபோதே கடைமடையில் நீர் வரவில்லை என்ற முறையீடும் எழுந்தது. 2020 ஆகஸ்டில் தலைக்காவிரியின் பிரம்மகிரியே சரிந்து, கோயில் அர்ச்சகர் இல்லத்தை மூடியது. அதற்கு மாறாக 2023இல் வழக்கம்போல் ஜூன் 12இல் மேட்டூர் திறக்கப்பட்டது. ஆகஸ்டு மாதமோ 1901க்குப் பின் இந்தியா கண்ட மிக வறண்ட ஆகஸ்டாயிற்று. நீரை நம்பி விதைத்த குறுவை டெல்டாவில் பல இடங்களில் கருகியது. 2024இல் அணை திறந்தது ஜூலை 28இல். குறுவைக்கு அது காலங்கடந்த நீர்.

ஆழ்துளைக் கிணறு உள்ளவர் காத்திருப்பதில்லை. இல்லாதவர் நாற்றங்காலில் விதை விடுவதா, சம்பாவுக்கே போய்விடுவதா என்பதை மடிக்கேரியில் மழை வலுக்கும் முன்னரே முடிவு செய்தாக வேண்டும். நீடாமங்கலத்துத் தேநீர்க் கடைகளில் ஜூன் மாதத்துக் காலைப் பேச்சு, குடகில் நேற்று எத்தனை சென்டிமீட்டர், கபினிக்கு எத்தனை கன அடி என்பதாகவே இருக்கிறது.