சந்தேகத்தின் பலன் யாருக்கு?



இன்று யாருடைய நினைவில் கூடியிருக்கிறோமோ, அந்த வாத்தியார் சட்டம் படித்தவரில்லை. ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் எந்தச் சேரியில் என்ன நடந்தாலும் முதல் மனு அவர் கையெழுத்தில்தான் போகும். நம்மில் பலர் மனு எழுதக் கற்றது அவர் வீட்டுத் திண்ணையில். "கோபத்தையெல்லாம் கடைசிப் பத்தியில் வைங்க. முதல் பத்தியில் தேதி, நேரம், இடம், யார் பார்த்தாங்க" என்பார். சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பல்கலைக்கழகத்தைவிட அந்தத் திண்ணை நமக்கு நன்றாகச் சொல்லித்தந்தது.

1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபை தீண்டாமை ஒழிப்புப் பிரிவை ஏற்றுக்கொண்டது. அதுதான் இன்றைய 17ஆவது பிரிவு. தீண்டாமை தண்டனைக்குரிய குற்றம் என்று அது சொல்கிறது. என்ன தண்டனை, எந்த நீதிமன்றம், யார் புலனாய்வு செய்வது என்று சொல்லவில்லை. அதையெல்லாம் சொல்லும் சட்டம் 1955இல்தான் வந்தது. 1976இல் அதைத் திருத்திக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். (அதனால்தான் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதிவாகும் வழக்கைக்கூட நம் ஊர்களில் இன்னும் 'பி.சி.ஆர். கேஸ்' என்கிறார்கள்.) உரிமை ஏட்டில் ஏறுவது ஒரு வேலை. அதை நீதிமன்றம் வரை நடத்திக்கொண்டு போவது வேறு வேலை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைத்தான் இன்று பேசப் போகிறோம்.

குற்றவியல் சட்டத்தின் அடிப்படை ஒன்றுண்டு. குற்றம் நிரூபிக்கப்படும்வரை குற்றம்சாட்டப்பட்டவர் நிரபராதி. நியாயமான சந்தேகம் எழுந்தால் அதன் பலன் அவருக்கே. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியோர். விசாரணை நீதிமன்றம் நிலவுடைமையாளர் சிலருக்கு 10 ஆண்டுச் சிறை கொடுத்தது. உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய மிராசுதாரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீவைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்பது அந்தத் தீர்ப்பில் இருந்த காரணங்களில் ஒன்று. சந்தேகம் என்பது ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. எது நடக்கக்கூடியது, எது நடக்காது என்று ஒருவர் மனதில் முன்பே இருக்கும் எண்ணத்திலிருந்து அது பிறக்கிறது. அந்த எண்ணத்துக்குச் சாதி உண்டு, வர்க்கமும் உண்டு.

அப்படியானால் அந்தக் கோட்பாட்டையே தூக்கி எறிந்துவிடலாமா? நம் கூட்டங்களில் இந்தக் குரல் அடிக்கடி எழுகிறது. நாம் அதை ஏற்கவில்லை. கவுண்டர் கேஸ் என்றால் என்னவென்று இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அடி வாங்கியவன் புகார் கொடுத்த அன்றே, அடித்தவன் தரப்பிலிருந்தும் ஒரு புகார் வரும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஊரில் திருவிழாத் தகராறு. நாங்கள் மண்டை உடைந்த பையனோடு மருத்துவமனையில் நின்றுகொண்டிருந்தபோதே, கல்லூரியில் படிக்கும் அவன் தம்பி மேல் கொலைமுயற்சி வழக்கு ஏறிவிட்டது. சம்பவத்தின்போது அவன் ஊரிலேயே இல்லை. அவனை மீட்டது எது? போலீஸ் சொல்வது மட்டும் போதாது, அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும் என்ற அதே விதி. அதை இழந்தால் முதலில் சிறைக்குப் போவது நம் பிள்ளைகள்தான்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அந்த விதியைத் தலைகீழாக்கவில்லை. நாம் தோற்கும் சில இடங்களில் மட்டும் கைவைக்கிறது. பழைய சட்டத்தில் கொலை போன்ற பெரிய குற்றங்களில், ஒருவர் பட்டியல் சாதியினர் 'என்ற காரணத்தால்' அது செய்யப்பட்டது என்று காட்ட வேண்டியிருந்தது. நிலத்தகராறு, பணத்தகராறு என்று வேறொரு காரணத்தைச் சொன்னாலே சாதி மறைந்துபோகும். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அவர் பட்டியல் சாதியினர் என்று தெரிந்தே செய்தார் என்பது போதும். பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ எதிரிக்கு நேரில் தெரியும் என்றால், சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லையென்றால் அவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். ஒரே ஊரில் பிறந்து வளர்ந்தவர் 'இவர் என்ன சாதி என்று எனக்குத் தெரியாது' என்று கூண்டில் நின்று சொன்னதை நாம் கேட்டிருக்கிறோம்.

2018 மார்ச் 20 தீர்ப்பு, முதல் தகவல் அறிக்கைக்கு முன்பே பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்றது. கைதுக்கு மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்றது. ஏப்ரல் 2 அன்று நாடெங்கும் பந்த் நடந்தது, உயிர்களும் போயின. அதே ஆண்டு நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது. பூர்வாங்க விசாரணை தேவையில்லை, கைதுக்கு ஒப்புதல் தேவையில்லை என்று அது சொல்கிறது. 2020 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. மேலோட்டமாகப் பார்த்தாலே வழக்கு இல்லை என்றால் முன்ஜாமீன் தரலாம் என்ற வாசலையும் திறந்து வைத்தது. இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவைக் காட்டி, 'விசாரித்துவிட்டுத்தான் பதிவு செய்வோம்' என்று சில நிலையங்களில் சொல்கிறார்கள். பொதுச் சட்டத்தோடு சிறப்புச் சட்டம் மோதினால் சிறப்புச் சட்டமே நிற்கும் என்பது பழைய விதி. மாணவத் தோழர்கள் 18ஏ பிரிவை நகல் எடுத்துப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வராதீர்கள்.

15ஏ பிரிவைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை. ஜாமீன், விடுவிப்பு, தண்டனை என எந்தக் கட்டத்திலும் பாதிக்கப்பட்டவரின் வாதத்தைக் கேட்க வேண்டும். அதற்கு முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும். ராஜஸ்தான் வழக்கு ஒன்றில் இப்படி நோட்டீஸ் தராமல் உயர்நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. 2021 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒரு நோட்டீஸ் காகிதத்துக்கு அவ்வளவு எடை இருக்கிறது.

பிறழ் சாட்சி விஷயத்தில் நாம் கொஞ்சம் நம்மைப் பார்த்தும் பேச வேண்டும். சாட்சி மாறிவிட்டால் 'காசு வாங்கிட்டான்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சாட்சி எந்த நிலத்தில் கூலிக்குப் போகிறாரோ, அது பெரும்பாலும் எதிரியின் நிலம், அல்லது எதிரியின் சொந்தக்காரர் நிலம். வாய்தா அன்று கூலி போகும். பஸ்ஸுக்குக் கைக்காசு போகும். மதியம் வரை மரத்தடியில் உட்கார வைத்து, 'இன்னொரு நாள் வாங்க' என்பார்கள். குற்றப்பத்திரிகை தாக்கலானதிலிருந்து முடிந்தவரை இரண்டு மாதத்தில் வழக்கை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எட்டு வருடம் கழித்துக் கூண்டேறிய ஒரு பாட்டியிடம், கையில் இருந்தது அரிவாளா கத்தியா என்று கேட்டார்கள். அவர் இரண்டையும் சொன்னார். சந்தேகத்தின் பலன் எதிரிக்குப் போனது.

சாட்சிகளுக்குப் பயணப்படியும் தினப்படியும் தர வேண்டும் என்று 1995 விதிகளில் 11ஆவது விதி இருக்கிறது. கேட்டு வாங்கியவர்களை நாம் விரல்விட்டு எண்ணிவிடலாம். கேட்கலாம் என்பதே தெரியாது. எழுதிக் கொடுக்க ஆள் இல்லை.

வாத்தியார் ஒரு நீண்ட கோடுபோட்ட நோட்டு வைத்திருந்தார். வழக்கு எண், சாட்சி பெயர், அடுத்த வாய்தா தேதி, கூடப் போவது யார் என்று நான்கு கட்டம். அவர் போன பிறகும் மன்றம் அதைத் தொடர்ந்து எழுதி வருகிறது. முதல் மூன்று கட்டமும் நிரம்பியிருக்கிறது. நான்காவது கட்டம் பல வரிகளில் காலியாகக் கிடக்கிறது. நோட்டு வாசலில் மேசை மேல் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது.